லைட்னிங் ரிட்ஜ்: ஐம்பது மீட்டர் சதுரங்களால் ஆன ஊர்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கில், குயின்ஸ்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் லைட்னிங் ரிட்ஜ் என்னும் ஓப்பல் ரத்தினச் சுரங்க ஊரின் வரவேற்புப் பலகையில், மக்கள்தொகைக்கு நேரே எண் எதுவும் இல்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. கேரவனை ஓரமாக நிறுத்திவிட்டு அந்தப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளாத பயணிகள் குறைவு. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இவ்வூருக்கு 2,284 என்ற எண்ணைத் தந்தது. ஆனால் ஊரைச் சுற்றியுள்ள புதர்க்காட்டில், தெருப்பெயரும் கதவெண்ணும் இல்லாத தகரக் கொட்டகைகளிலும் பழைய பேருந்துகளிலும் தங்கிச் சுரங்கம் தோண்டுகிறவர்களையும், குளிர்காலத்தில் மட்டும் வந்து கோடையில் வேறிடம் போய்விடுகிறவர்களையும் எந்தக் கணக்கெடுப்பும் முழுமையாகப் பிடித்ததில்லை. அந்தக் கேள்விக்குறி ஓர் அலங்காரமாகத் தோன்றினாலும் உண்மையையே சொல்கிறது.

பயணக் கையேடுகள் இவ்வூரை "விசித்திரமான ஊர்" என்று அறிமுகப்படுத்துவது வழக்கம். பாட்டில்களால் கட்டிய வீடு, கல்லால் கட்டிய கோட்டை, வழிகாட்டிப் பலகைகளுக்குப் பதிலாகக் கார்களின் கதவுகள் என்று பட்டியல் நீளும். அந்த அடைமொழி எனக்குப் போதவில்லை. இங்கே காணும் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைப் பின்தொடர்ந்து போனால், அவை எல்லாம் பூமிக்கடியில் கிடக்கும் ஒரு கல்லின் குணத்தில் சென்று சேர்கின்றன: ஓப்பல் எங்கே இருக்கும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த ஒரு நிச்சயமின்மையே இங்குள்ள நிலச்சட்டத்தையும், வேலைமுறையையும், வீடுகளின் தோற்றத்தையும், மனிதர்களின் இயல்பையும் வடிவமைத்திருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். சிட்னியிலிருந்து சாலைவழியே 700 கிலோமீட்டருக்கும் அதிகம். நீலமலைகளைக் கடந்து, லித்கோவுக்கு அருகே காசல்ரே நெடுஞ்சாலையைப் பிடித்தால், மட்ஜி, கில்காண்ட்ரா, கூனாம்பிள், வால்கெட் என்று அதே சாலை நம்மை ஊரின் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது. கேரவனை இழுத்துச் செல்கிறவர்கள் இதை ஒரே நாளில் முடிக்க முயலாமல் வழியில் ஓரிரவு தங்குவது நல்லது. அந்தி சாயும் வேளையில் கங்காருக்களும் ஈமுக்களும் சாலைக்குக் குறுக்கே வரும். பின்னால் இரண்டு டன் எடை தொடரும்போது திடீரென்று பிரேக் போடுவது எளிதல்ல. வடக்கே போகப்போக 36 மீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட இணைலாரிகள் எதிரே வரும். அவை கடக்கும்போது எழும் காற்று கேரவனை ஓர் ஆட்டு ஆட்டிவிடும். கூனாம்பிளைத் தாண்டியதும் நிலம் முற்றிலும் தட்டையாகி, கரிசல் மண்ணாக விரிகிறது. தார்ச்சாலையை விட்டு இறங்காதவரை அந்த மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கு வெளியே உள்ள, ஓப்பல் வயல்கள் எனப்படும் சுரங்கப் பகுதிகளுக்குப் போகும் மண்சாலைகளில் நல்ல மழை பெய்துவிட்டால், உலரும்வரை வண்டியை அசைக்கவே முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே சாதாரணம்.

லைட்னிங் ரிட்ஜ் என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1870களில் இந்த மேட்டில் ஒதுங்கிய ஓர் இடையரும் அவருடைய நாயும் அறுநூறு ஆடுகளும் மின்னல் தாக்கி இறந்தார்களாம். மேடு என்று சொன்னாலும், சுற்றியுள்ள சமவெளியோடு ஒப்பிட்டால்தான் அது உயரமாகத் தெரியும். நீரும் காற்றும் அரித்தெடுத்த பரப்பில், கடினமான மேலோட்டால் காக்கப்பட்டு எஞ்சி நிற்கும் பழைய படிவுப் பாறை அது. யுவாலராய் மக்களின் தொன்மையான நிலம். ஓப்பல் இருப்பது அந்தப் பாறைக்குள்.

ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த கிரெடேசியஸ் காலத்தில், ஆஸ்திரேலியக் கண்டத்தின் உட்பகுதியில் ஒரு பெரிய ஆழமற்ற கடல் பரவியிருந்தது. இன்றைய லைட்னிங் ரிட்ஜ், அந்தக் கடலை நோக்கி ஓடிய ஆறுகளும் காயல்களும் நிறைந்த தாழ்நிலமாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் படிந்து மணற்கல்லாகவும் களிக்கல்லாகவும் மாறின. பின்னர் நீண்ட காலச் சிதைவில் பாறையிலிருந்து விடுபட்ட சிலிக்கா, நிலத்தடி நீரில் கரைந்து கீழிறங்கி, மணற்கல்லுக்கு அடியில் உள்ள களிமண் அடுக்குகளின் வெற்றிடங்களில் தங்கியது. கிளிஞ்சலோ எலும்போ கரைந்துபோன இடத்தில் உண்டான பொந்து, சிறு விரிசல், உருண்டையான குழி என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே அது மெல்ல இறுகிற்று.

அப்படி இறுகிய சிலிக்காவில் சிறிதளவு நீர் இன்றும் தங்கியிருக்கிறது. ஓப்பல் ஒரு நீரேறிய சிலிக்கா. வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் உள்ளதுபோன்ற படிக அமைப்பு அதற்குக் கிடையாது. அதன் நிறங்களுக்கு என்ன காரணம் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1960களில் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கல்லுக்குள் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், பழக்கடையில் அடுக்கிவைத்த எலுமிச்சம்பழங்களைப் போல வரிசை பிசகாமல் அடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. உருண்டைகள் ஒரே அளவில் ஒழுங்காக அமைந்திருந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள வெளிகளில் ஒளி விளிம்புவளைவுற்று நிறங்களாகப் பிரிகிறது. உருண்டைகள் சிறியவையாக இருந்தால் நீலம் மட்டும் தெரியும்; பெரியவையாக இருந்தால்தான் சிவப்பு தெரியும். பெரிய உருண்டைகள் ஒழுங்காக அமைவது அரிது என்பதால் சிவப்பு மின்னும் ஓப்பலுக்கு விலை அதிகம். அளவும் அடுக்கும் ஒழுங்கின்றி இருந்துவிட்டால் நிறமே இராது. அத்தகைய நிறமற்ற ஓப்பலைச் சுரங்கக்காரர்கள் பாட்ச் என்பார்கள். தோண்டி எடுப்பதில் பெரும்பங்கு இதுதான்.

லைட்னிங் ரிட்ஜின் தனிச்சிறப்பு அதன் கறுப்பு ஓப்பல். தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியிலும், இதே மாநிலத்தின் மேற்கிலுள்ள வைட் கிளிஃப்ஸிலும் கிடைப்பவை பெரும்பாலும் வெளிர்நிற ஓப்பல்கள். இங்கேயோ சிலிக்காவோடு கலந்த மிக நுண்ணிய கரிமப் பொருள்களும் உலோக ஆக்சைடுகளும் கல்லின் உடலையே கருமையாக்கியிருக்கின்றன. பெரும்பாலும் ஒரு கரிய பாட்ச் அடுக்கின்மீது மெல்லிய நிற அடுக்கு அமர்ந்திருக்கும். வெளிர் ஓப்பலில் சிதறி மங்கிப்போகும் ஒளியைக் கருமை விழுங்கிவிடுவதால், நிறங்கள் மட்டும் தனித்துக் கனன்று தெரிகின்றன. கல்லின் கருமையை வணிகர்கள் ஒன்று முதல் ஒன்பது வரை அளக்கிறார்கள். முதல் நான்கு படிகளுக்குள் இருப்பதே கறுப்பு ஓப்பல். மிகச் சிறந்த கறுப்பு ஓப்பல் ஒரு காரட்டுக்குப் பத்தாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேலும் விலைபோவதுண்டு. 2008இல் நியூ சவுத் வேல்ஸ் இதைத் தன் மாநில ரத்தினமாக அறிவித்தது.

இனி அந்த நிச்சயமின்மைக்கு வருகிறேன். தங்கத்துக்கும் நிலக்கரிக்கும் நிலத்தடியில் தாதின் அளவை மதிப்பிட முறைகள் உண்டு. துளையிட்டு மாதிரி எடுத்து, வரைபடம் போட்டு, முதலீட்டாளரிடம் காட்டிப் பணம் திரட்டலாம். ஓப்பலுக்கு அது செல்லாது. கல்லில் காந்தமும் இல்லை, குறிப்பிடத்தக்க அடர்த்தி வேறுபாடும் இல்லை. ஒரு களிமண் அடுக்கில் நூறு மீட்டர் தூரம் எதுவும் இல்லாமல் இருந்து, ஒரு சிறு பொந்தில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானம் கிடக்கலாம். பாறையில் உள்ள சிறு பிளவுகளையும், உடைகற்கள் செங்குத்தாக நிரம்பிய இடங்களையும் அனுபவசாலிகள் நல்ல அறிகுறியாகக் கொள்வார்கள். குறுகிய துளையிட்டு, மேலே வரும் மண்ணில் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வளைத்த கம்பிகளை இரு கைகளிலும் பிடித்து நடந்து, அவை தாமாகத் திரும்பும் இடத்தில் தோண்டுகிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். எந்த முறைக்கும் உத்தரவாதம் இல்லை. அடுத்தவர் இடத்தில் கல் கிடைத்தது என்பதற்காக உங்கள் இடத்தில் கிடைக்கும் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

மதிப்பிட முடியாததில் பெருநிறுவனம் முதலீடு செய்வதில்லை. சட்டமும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. இங்கே ஒரு கிளெய்ம், அதாவது ஒருவர் பதிவுசெய்து தோண்டும் உரிமை பெறும் நிலத்துண்டு, 50 மீட்டருக்கு 50 மீட்டருக்கு மேற்படக் கூடாது. ஒருவர் பெயரில் இரண்டு கிளெய்ம்கள் வரைதான் இருக்கலாம். நான்கு மூலைகளிலும் முளையடித்து, எண் எழுதிய தகட்டைப் பொருத்திவிட்டால் அந்தச் சதுரம் அவருடைய உலகம். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓப்பல் வயல்கள் தனிமனிதர்களின் கையிலேயே இருந்துவருவதற்கு இதுவே அடிப்படை. ஆஸ்திரேலியாவின் இரும்புத் தாது ஊர்களில் நிறுவனம் கட்டிய ஒரேமாதிரி வீடுகளும், சீருடைத் தொழிலாளர்களும், விமானத்தில் வந்துபோகும் பணிமுறையும் இருக்கும். லைட்னிங் ரிட்ஜில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. அவர் எப்படி வாழ வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

வேலைமுறையும் அந்த அளவுக்கே உரியது. ஒரு மீட்டர் விட்டத்தில் செங்குத்தாகத் துளையிட்டு, இரும்பு ஏணியில் இறங்குகிறார்கள். ஓப்பல் இருக்கும் களிமண் அடுக்கு பொதுவாக ஆறு மீட்டரிலிருந்து முப்பது மீட்டருக்குள் வந்துவிடும். அங்கிருந்து பக்கவாட்டில் குடைந்து, கூரை இறங்காமல் மரக்கம்பங்களை முட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். அந்தக் காலத்தில் கைக்கொத்தும் மெழுகுவத்தியும். இப்போது மின்சுத்தியலும், சுரங்கத்துக்குள் இயங்கும் சிறு தோண்டும் இயந்திரமும். தோண்டிய மண்ணைத் தானாகக் கவிழும் வாளியிலோ, பெரிய உறிஞ்சுக் குழாயிலோ மேலே ஏற்றுவார்கள். கல்லை மண்ணிலிருந்து பிரிக்கும் முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. கட்டட வேலைக்குக் காங்கிரீட் சுமந்து ஓய்ந்த பழைய கலவை லாரிகளின் உருளைகளை வாங்கி, நீர்த்தேக்கக் கரையில் வரிசையாக நிறுத்தி, மண்ணையும் நீரையும் சேர்த்துப் பல நாள்கள் சுழலவிடுகிறார்கள். அஜிட்டேட்டர் என்று இதற்குப் பெயர். களிமண் கரைந்து ஓடியபின் உள்ளே எஞ்சும் கற்களைக் கொட்டி, நாபி எனப்படும் கரடுமுரடான சிறு உருண்டைகளைக் கையால் பொறுக்கி, ஓரத்தை இடுக்கியால் நறுக்கி உள்ளே நிறம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கான உழைப்பு அந்த நறுக்கலில் தெரிந்துவிடும். ஊரைச் சுற்றிப் பயணிகள் காணும் வெண்மையான மண்குன்றுகள் எல்லாம் இப்படித் தோண்டிக் கொட்டியவை. அவற்றை முல்லக் என்பார்கள்.

வரலாற்றைப் பார்த்தாலும் தனிமனிதர்களே முன்னிற்கிறார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் கால்நடைப் பண்ணையின் வேலிகளைக் காவல்காக்கும் வேலைசெய்த ஜாக் மர்ரே இப்பகுதியில் கற்களைக் கண்டார். அதன்பின் சார்லி நெட்டில்டன் முறையாகக் குழிதோண்டினார். கறுப்பான ஓப்பலைச் சந்தை அதுவரை கண்டதில்லை. அதனால் மதிக்கவும் இல்லை. 1903இல் நெட்டில்டன் தன் முதல் கற்களை எடுத்துக்கொண்டு வைட் கிளிஃப்ஸ்வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நடந்துபோய், அங்கிருந்த வணிகர் டெட் மர்ஃபியிடம் 15 பவுண்டுக்கு விற்றார். இன்று கேரவனில் குளிர்சாதனத்தோடு கடக்கும் இந்த நிலத்தை, தண்ணீரைத் தேடித்தேடி ஒருவர் நடந்து கடந்திருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டாகிறது.

விலையில் இருந்த ஏற்றத்தாழ்வை ஃபிளேம் குவீன் என்னும் கல்லின் கதை நன்றாகக் காட்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, பால்ட் ஹில் என்ற இடத்தில் கைவிடப்பட்ட ஒரு குழிக்குள், சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலையில் இறங்கிய மூன்று பங்காளிகளுக்கு 263 காரட் எடையுள்ள அந்தக் கல் கிடைத்தது. நடுவில் செம்பொன் நிறமும், சுற்றிலும் பச்சை நீல விளிம்புமாக மலர்போல இருக்கும் அது, உலகின் புகழ்பெற்ற ஓப்பல்களில் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. அவர்கள் அதை 93 பவுண்டுக்கு விற்றார்கள். கல்லை வாங்கியவர் ஏமாற்றினார் என்று சொல்வது சரியாகாது. பசித்தவரிடம் காத்திருக்க நேரம் இருப்பதில்லை. மதிப்பைக் காலம் முடிவுசெய்யும் ஒரு பொருளில், காத்திருக்க முடிந்தவருக்கே லாபம் போய்ச்சேரும். இன்றும் பல சுரங்கக்காரர்கள் டீசலுக்கும் இயந்திரப் பழுதுக்கும் பணம் தேவைப்பட்டு, நல்ல கல்லை அவசரத்தில் கொடுத்துவிடுகிறார்கள்.

ஊரின் தோற்றத்துக்கு இப்போது வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்த வயல்களுக்கு வந்தார்கள். இங்கே ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டியதில்லை; சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை; கடந்தகாலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கல் எப்போது கிடைக்கும் என்று தெரியாதவர் நிரந்தர வீடு கட்டமாட்டார். கையில் கிடைத்த தகரத்தையும் கல்லையும் வைத்து ஒரு கேம்ப் போடுவார். ஓராண்டு என்று நினைத்து வந்தவர் முப்பது ஆண்டுகள் இருந்துவிடும்போது அந்தக் கேம்பில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் அது ஒரு தனித்த கட்டடமாகிவிடுகிறது. பாட்டில் வீடு அப்படிப்பட்டது. மரத்துக்குப் பஞ்சம், காலி பாட்டில்களுக்குக் குறைவில்லை.

இரும்புச்சத்து மிகுந்த செந்நிறப் பாறைக் கற்களைச் சுமந்துவந்து, இத்தாலியிலிருந்து வந்த ஒரு சுரங்கக்காரர் தனியாகக் கட்டிய கோட்டையும், கோபர்னிக்கஸ் முதலிய வானியலாளர்களின் நினைவுக்காகப் போலந்துக்காரர் ஒருவர் காங்கிரீட்டில் எழுப்பிய கட்டடமும் பயணிகள் தவறவிடக் கூடாதவை. பார்ப்பவருக்கு இவை கிறுக்குத்தனமாகத் தோன்றக்கூடும். எனக்கு அவை, நாள் முழுவதும் நிலத்துக்கடியில் தனியே உழைத்து, பெரும்பாலான நாள்களில் எதுவும் கிடைக்காமல் மேலே வரும் மனிதர்கள், பலன் நிச்சயமாகத் தெரியும் ஒரு வேலையைத் தங்களுக்காகச் செய்துகொண்டதன் விளைவாகத் தெரிகின்றன. ஒரு கல்லின்மேல் ஒரு கல்லை வைத்தால் சுவர் உயரும் என்பதில் ஐயமில்லை. பழைய சுரங்கம் ஒன்றின் மணற்கல் சுவர்களில், வெண்ணெய் தடவும் கத்தியால் தொடங்கி நூற்றுக்கணக்கான சிற்பங்களைச் செதுக்கிய சுரங்கக்காரரின் படைப்பையும் இதே வரிசையில் வைப்பேன். தரைக்கடியில் இறங்கிப் பார்க்கக்கூடிய அந்த இடம், இவ்வூரில் நான் மிக மதிக்கும் கலைக்கூடம்.

கார்களின் கதவுகளுக்கும் நடைமுறைக் காரணம் உண்டு. வயல்களில் தெருக்கள் கிடையாது. தடங்கள் முல்லக் குன்றுகளுக்கு இடையே கிளைபிரிந்து போகின்றன. பழுதடைந்த கார்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறங்களில் கதவுகளுக்கு வண்ணமடித்து எண் எழுதி மரங்களில் சாய்த்துவைத்து, நான்கு சுற்றுலா வழிகளை உருவாக்கியிருக்கிறார்கள். தகவல் மையத்தில் கிடைக்கும் கையேட்டோடு ஒரு நாளில் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். கேரவனைத் தங்கும் முகாமிலேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் போக வேண்டும். குறுகிய தடங்களில் கேரவனோடு திரும்ப இடம் இருக்காது. இன்னும் உள்ளே போக விரும்புகிறவர்களுக்குக் கிராவின், கிளென்காரி, ஷீப்யார்டு வயல்கள் உண்டு. அங்கே புதர்களுக்கு நடுவே சுரங்கக்காரர்களே நடத்தும் மதுச்சாலைகளில், ஊரின் பழைய தன்மை கூடுதலாக எஞ்சியிருக்கிறது. மழை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

வயல்களில் நடந்துகொள்ளும் முறையை அறியாமல் போவது ஆபத்து. மூடாத பழைய குழிகள் பல இருக்கின்றன. படம் எடுக்கப் பின்னோக்கி நடப்பது, பிள்ளைகளை ஓடவிடுவது, இருட்டியபின் தடத்தை விட்டு விலகுவது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். அதைவிட நுட்பமானது மனிதர்களைப் பற்றியது. பகலில் உரியவர் தோண்டிக் கல்லின் தடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், இரவில் திருட்டுத்தனமாக இறங்கி அதைக் குடைந்தெடுத்துப் போகிறவர்கள் உண்டு. ரேட்டர் என்று அவர்களுக்குப் பெயர். ஓப்பல் வயலில் இதைவிட வெறுக்கப்படும் குற்றம் வேறில்லை. ஆகவே அழைப்பில்லாமல் ஒரு கிளெய்முக்குள் கால்வைப்பதும், ஓரமாகக் கிடக்கும் மண்ணைக் கிளறுவதும் பெரும் அவமதிப்பு. எவ்வளவு கல் கிடைத்தது என்று ஒருவரிடம் கேட்பதும் முறையல்ல. கல் தேடிப்பார்க்கும் ஆசை இருப்பவர்கள், அதற்கென்று பொதுமக்களுக்கு ஒதுக்கிய மண்குவியல்களில் தேடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல அனுபவம். சிறு நிறத்துண்டு கிடைப்பதும் உண்டு.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் ஓப்பலைப் பலரும் சுக்கிரனுக்கு உரிய கல்லாக, வைரத்துக்கு மாற்றாகவே அறிந்திருக்கிறோம். 2008இல் எத்தியோப்பியாவின் வெல்லோ பகுதியில் பெரிய படிவு கண்டுபிடிக்கப்பட்டபின், இந்திய நகைச் சந்தையில் அந்தக் கற்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை நீரை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புகையாலும் சாயத்தாலும் அவற்றைக் கறுப்பாக்கவும் முடியும். லைட்னிங் ரிட்ஜ் கல்லின் கருமை இயற்கையானது. மெல்லிய நிற ஓப்பலைக் கரிய அடித்தளத்தில் ஒட்டிய இரட்டைக் கல்லும், மேலே கண்ணாடியோ படிகமோ மூடிய மூவடுக்குக் கல்லும் நேர்மையாகப் பெயர்சொல்லி விற்கப்பட்டால் தவறில்லை. பக்கவாட்டில் பார்த்தால் நேர்கோடாக ஒட்டிய இடம் தெரியும். அதனால் பக்கங்களை முழுதும் மூடிய பதிப்பில் வாங்காமல், திறந்த கல்லாகப் பார்த்து வாங்குவது நல்லது. ஓப்பல் மென்மையான கல். அன்றாடம் பாத்திரம் கழுவும் கையில் மோதிரமாக அது நீண்டநாள் தாங்காது.

மாலையில் எல்லோரும் போகும் இடம், ஊரின் விளிம்பில் உள்ள ஆர்ட்டீசியன் வெந்நீர்க் குளம்; அதாவது நிலத்தடி அழுத்தத்தால் மேலெழும் நீரின் குளம். கட்டணம் இல்லை. ஏறக்குறைய 40 டிகிரி வெப்பத்தில் நீர் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது. சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவர்களும், பல நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவர்களும் கழுத்தளவு நீரில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த நீரை ஊரின் இன்னொரு தனி அதிசயமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பரப்பில், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு விரிந்திருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் நீர் இது. கிழக்கு மலைத்தொடர்ப் பகுதியில் விழும் மழை மணற்பாறைகளில் இறங்கி, மிக மெதுவாக மேற்கு நோக்கி நகர்கிறது. படுகையின் தென்மேற்குப் பகுதியில் ஏறக்குறைய இருபது லட்சம் ஆண்டுப் பழமையுள்ள நீரும் உண்டு. அந்த மணற்பாறைகளின்மேல் நீர் புகாத மூடியாக அமைந்து, அதை அழுத்தத்தில் வைத்திருப்பவை கிரெடேசியஸ் காலக் களிப்படிவுகள். ஓப்பல் இருக்கும் பாறை அந்தப் படிவுத் தொகுதியின் உச்சிப் பகுதியே. கல்லுக்கு உறையாக அமைந்த அதே பழைய சேறு, நீருக்கும் மூடியானது. 1878இல் பர்க் ஊருக்கு அருகே முதல் ஆழ்துளை போட்டபின், நூறாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான துளைகளிலிருந்து நீர் திறந்த வாய்க்கால்களில் வீணாக ஓடிற்று. அழுத்தம் குறைந்து பல ஊற்றுகள் வற்றிய பிறகே, துளைகளுக்கு மூடியும் குழாயும் பொருத்தும் அரசுத் திட்டங்கள் வந்தன.

இவ்வளவும் சொன்னபின், லைட்னிங் ரிட்ஜின் மிகப் பெரிய செல்வம் என்று நான் கருதுவதைச் சொல்ல வேண்டும். ஓப்பல் வெற்றிடங்களில் நிரம்பும் என்றேன். அந்த வெற்றிடங்களில் பல, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஆற்றங்கரைகளில் வாழ்ந்த உயிர்களின் எலும்பும் பல்லும் ஓடும் விட்டுச்சென்றவை. அதனால் டைனோசர், ஆமை, நன்னீர்ச் சிப்பி, ஊசியிலை மரத்தின் கூம்பு எல்லாம் ஓப்பலாகவே கிடைக்கின்றன. 1985இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஸ்டெரோபோடான் என்ற முட்டையிடும் பாலூட்டியின் தாடையெலும்பு இங்கிருந்து வந்தது. டைனோசர் காலத்துப் பாலூட்டி ஒன்று ஆஸ்திரேலியாவில் இருந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அது. 1980களில் ஷீப்யார்டு வயலில் பாப் ஃபாஸ்டர் என்ற சுரங்கக்காரர் தோண்டியபோது கிடைத்த எலும்புகள், நெடுங்காலம் கழித்து 2019இல் ஃபாஸ்டோரியா என்று அவர் பெயராலேயே விவரிக்கப்பட்டன. குறைந்தது நான்கு விலங்குகளின் எச்சங்கள் அங்கே ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. 2018இல் விவரிக்கப்பட்ட வீவாராசாரஸ், ஒரு வணிகர் வாங்கிய கச்சாக் கல் மூட்டைக்குள் இருந்த தாடைத் துண்டிலிருந்து அறியப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்புகளில் ஒரு வேதனையும் உண்டு. எலும்புகளை வெளிக்கொணரும் அதே சுரங்கவேலைதான் அவற்றை உடைக்கவும் செய்கிறது. இயந்திரம் குடையும்போதும், அஜிட்டேட்டர் சுழலும்போதும் நொறுங்கிப்போனவை எத்தனை என்பதற்குக் கணக்கில்லை. நல்ல நிறமுள்ள எலும்பாக இருந்துவிட்டால் அதை நகைக்கல்லாக வெட்டவும் தடையில்லை, ஏனெனில் கிளெய்மில் கிடைப்பது உரியவரின் சொத்து. 1986ஆம் ஆண்டுச் சட்டம் தொல்லுயிர் எச்சங்களை அனுமதியின்றி நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்வதையே தடுக்கிறது. ஆனால் தோண்டும் வேலை இல்லாமல் இவற்றில் ஒன்றுகூட வெளிவந்திருக்காது என்பதும் உண்மை. தொல்லுயிர் ஆய்வாளர்களுக்கு முப்பது மீட்டர் ஆழத்தில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்ட எந்த அரசும் பணம் தராது. எனவே சுரங்கக்காரரைக் குற்றவாளியாக்குவதில் பயனில்லை. அவருடைய கண்ணைப் பழக்குவதும், விலையைவிட மேலான ஒரு மதிப்பை அவருக்கு உணர்த்துவதும், அவர் இழக்கும் பணத்துக்கு ஈடுசெய்வதுமே வழி. ஊரில் இயங்கும் ஆஸ்திரேலிய ஓப்பல் மையம் அதைத்தான் செய்துவருகிறது. நன்கொடையாகத் தரும் எச்சங்களுக்கு வரிச்சலுகை கிடைக்க வழிசெய்து, ஒரு பெரும் தொகுப்பை அது சேர்த்திருக்கிறது. அதற்கென்று த்ரீ மைல் வயலில் பெரும்பகுதி நிலத்துக்கடியில் அமையும் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர்கள் கிளென் மர்கட்டும் வெண்டி லூவினும் வடிவமைத்தார்கள். கேரவன் பயணிகள் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி இம்மையத்துக்குப் போய்ச்சேர்வது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

அண்மையில் வந்த கண்டுபிடிப்பு இந்த அணுகுமுறை பலன் தருவதைக் காட்டுகிறது. ஓப்பலான எச்சங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேகரித்துவரும் ஆய்வாளர் எலிசபெத் ஸ்மித்தும் அவருடைய மகளும், கூக்கரன் வயலில் ஒரு சுரங்கத்தின் கழிவுகளுக்குள் சில தாடைத் துண்டுகளைக் கண்டெடுத்து, ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2024இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டவர்கள், முட்டையிடும் பாலூட்டிகளில் இதுவரை அறியாத புதிய இனங்கள் அவற்றில் இருப்பதைக் காட்டினார்கள். இன்றும் வாழும் முட்டையிடும் பாலூட்டிகளான எக்கிட்னா, பிளாட்டிபஸ் இரண்டின் சாயலும் சேர்ந்த ஒன்றுக்கு ஒப்பாலியோஸ் என்று பெயரிட்டார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே இடத்தில் இத்தனை வகை முட்டையிடும் பாலூட்டிகள் சேர்ந்து வாழ்ந்தன என்பதற்கு உலகில் வேறெங்கும் இப்படி ஒரு சான்று கிடைத்ததில்லை; அந்தச் சான்று, நிறம் போதாது என்று ஒருவர் கழித்துப்போட்ட மண்ணுக்குள் இருந்தது.